கக்கூசுத் தண்ணீரின் கணக்கு

2013ஆம் ஆண்டின் நடுவில் ஒரு மாலை அம்மா தொலைபேசியில் அழைத்தார். குரலில் பதற்றம்.

“தண்ணி பில்லு இருவத்தஞ்சு வெள்ளி நாப்பத்தஞ்சு காசு வந்திருக்கும்மா. எவனோ நம்ம பைப்புல கைய வச்சிட்டான்.”

25 வெள்ளி ஒரு பெரிய தொகையா என்று நகரத்தில் வளர்ந்தவர்கள் கேட்கலாம். கோலசிலாங்கூர் பக்கத்தில் மலிவு விலை வீடுகள் உள்ள ஒரு தாமானில் எங்கள் வீடு இருக்கிறது. ஐந்து ஆண்டுகளாக அந்த வீட்டுக்குத் தண்ணீர்க் கட்டணமே வந்ததில்லை. 2008 ஜூன் முதல் சிலாங்கூர் அரசு ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் 20 கன மீட்டர் தண்ணீரை இலவசமாகக் கொடுத்து வந்தது. அம்மா, அப்பா, தம்பி குடும்பம் என்று ஐந்து பேர் இருந்தாலும் பயன்பாடு 18 கன மீட்டரைத் தாண்டியதில்லை. குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்ற சட்டம் தீபகற்பத்தில் அந்த ஆண்டு ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. மாதத்துக்கு 26 நாள் வேலை என்று வகுத்தால் ஒரு நாள் கூலி 34 வெள்ளி சொச்சம். அப்பா அப்போது பாதுகாவலர் வேலையில் இருந்தார். இரவு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்ததில் முக்கால் பங்கு தண்ணீரோடு போயிருந்தது.

சனிக்கிழமை ஊருக்குப் போய் ரசீதைப் பார்த்தேன். பயன்பாடு 40 கன மீட்டர். முதல் 20 இலவசம். அடுத்த 15க்கு, கன மீட்டருக்கு 1 வெள்ளி 3 காசு. அதற்கு மேல் போனால் 2 வெள்ளி. 15.45ம் 10ம் சேர்ந்தால் 25.45. கட்டணம் சரியாகத்தான் இருந்தது. தண்ணீர் எங்கே போனது என்பதுதான் தெரியவில்லை.

வீட்டில் இருந்த எல்லாப் பைப்பையும் அடைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தோம். அது ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் 30 லிட்டர். அம்மா அடுப்படியிலிருந்து கேசரிப் பவுடரை எடுத்துவந்தார். கக்கூசுத் தொட்டிக்குள் ஒரு சிட்டிகை கரைத்துவிட்டு அரைமணி நேரம் யாரையும் உள்ளே விடவில்லை. திரும்பப் போய்ப் பார்த்தபோது கீழே பீங்கானில் ஆரஞ்சு நிறத் தண்ணீர் மெல்லிய கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டியின் அடியில் இருக்கும் ரப்பர் மூடி தேய்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான். மணிக்கு 30 லிட்டர் என்றால் நாளுக்கு 720. மாதத்துக்கு 21.6 கன மீட்டர். ஐந்து பேர் குளித்து, துவைத்து, சமைத்துச் செலவழித்ததைவிட அதிகமான தண்ணீர் சத்தமே இல்லாமல் கக்கூசுக்குள் ஓடியிருக்கிறது.

புது ரப்பர் பத்து வெள்ளிக்குள் முடிந்தது. அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. “கக்கூசுக்குள்ளயே இவ்ளோ தண்ணியா? உங்க பாட்டி இருந்திருந்தா நெஞ்சு வெடிச்சிருக்கும்” என்றார்.

அந்தப் பேச்சுதான் என்னை இந்தக் கட்டுரைக்குள் இழுத்துவந்தது. தோட்டத்து வரலாறு என்றால் பால்மரம், கள்ளுக்கடை, மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, வேலைநிறுத்தம் என்று எழுதுகிறோம். காலையில் எழுந்ததும் ஒவ்வொரு மனிதனும் போயாக வேண்டிய இடத்தைப் பற்றி எழுதுவதில்லை. அங்கே ஊற்றிய தண்ணீர் எங்கிருந்து வந்தது, அதை யார் கொண்டுவந்தார்கள், அதற்கான விலையை யார் கொடுத்தார்கள்?

பாட்டியின் டின்

எங்கள் தோட்டம் புக்கிட் ரோத்தானுக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் நடுவில் இருந்தது. பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எங்கள் வீட்டில் இன்னும் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் வருவதில்லை.

கடலோர மாவட்டம் என்பதால் தண்ணீருக்குக் குறையிருக்காது என்று தோன்றும். மழைக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் கரையோரம் தோண்டினால் உப்புக் கரிக்கும். உள்ளே சதுப்பு நிலத்தில் தோண்டினால் தேத்தண்ணி நிறத்தில் வரும். இலையும் வேரும் மக்கிய கரிச் சதுப்பின் நிறம் அது. தோட்டத்து நிர்வாகம் வாய்க்கால் தண்ணீரை இறைத்து ஒரு தொட்டியில் ஏற்றி, காலையில் ஒரு மணி நேரமும் சாயந்திரம் ஒரு மணி நேரமும் லயத்துப் பைப்பில் திறந்துவிடும். பாட்டி அதை டிரம்மில் பிடித்து, படிகாரக் கட்டியைக் கையில் வைத்துச் சுற்றுவார். கசடு அடியில் தங்கியதும் மேல் தண்ணீரை மொண்டுகொள்வோம்.

1960களில் எங்கள் லயத்து வீட்டில் ஏழு பேர். தாத்தா, பாட்டி, அப்பா, இரண்டு சித்தப்பா, இரண்டு அத்தை. வீட்டுக்குள் பைப்பு கிடையாது. கக்கூசு லயத்துக் கோடியில், நாற்பது வீட்டுக்கு எட்டு. பைப்படியிலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து கக்கூசுக்கும் தண்ணீர் சுமப்பது பொம்பளை வேலை. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மதியம்வரை மரம் சீவி, காண்டா வாளியில் பாலைத் தூக்கிக் கொட்டடியில் ஊற்றிவிட்டு வந்த அதே தோள்தான். சுமப்பதற்கு மண்ணெண்ணெய் டின், நாலு காலன் பிடிக்கும் சதுர டின். லிட்டரில் சொன்னால் 18.

ஒரு கணக்குப் போட்டேன். தண்ணீர் ஊற்றிக் கழுவும் கக்கூசுக்கு ஒருமுறைக்கு மூன்று லிட்டர். ஏழு பேர், ஆளுக்கு நாளுக்கு மூன்று முறை. மொத்தம் 63 லிட்டர், அதாவது மூன்றரை டின். மாதத்துக்கு 1,890 லிட்டர். ஏறக்குறைய இரண்டு டன் எடையைப் பாட்டியும் அத்தைகளும் மாதாமாதம் கக்கூசுக்காக மட்டும் சுமந்திருக்கிறார்கள்.

சிலாங்கூரில் 2024 பிப்ரவரியில் கட்டணம் ஏறியபோது முதல் 20 கன மீட்டருக்கான விலை 57 காசிலிருந்து 65 காசானது. அந்த விலையில் பார்த்தால் பாட்டி ஒரு மாதம் சுமந்த தண்ணீரின் மதிப்பு 1 வெள்ளி 23 காசு. ஒரு தே தாரேக்கூட இன்று அந்தக் காசுக்குக் கிடைக்காது.

பாட்டியின் சிக்கனம் குடும்பத்தில் பிரசித்தம். துணி அலசிய கடைசித் தண்ணீர் தனி வாளியில் நிற்கும். அது கக்கூசுக்கு. அரிசி கழுவிய தண்ணீர் கீரைப் பாத்திக்கு. மழை பெய்தால் கூரையோரம் வரிசையாகப் பாத்திரம் வைப்பார். இன்று நீர்ச் சேமிப்புப் பிரசுரங்களில் அச்சடித்துக் கொடுக்கும் யோசனைகள் முக்கால்வாசி அவருக்குத் தெரிந்தவைதான்.

ஆனால் இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அந்தச் சிக்கனத்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. “சாயந்திரத்துக்கு மேல தண்ணி குடிக்காதடி” என்பது எங்கள் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கான விதி. அத்தைகளுக்குச் சொன்னார், பிறகு எனக்கும் சொன்னார். இருட்டில் லயத்துக் கோடிவரை யார் துணைக்கு வருவது? அதனால் அடக்கிக்கொள்வோம். மாதவிலக்கு நாட்களில் ஒரு வாளி தண்ணீர் கூடுதலாகக் கேட்கக் கூச்சம். நீர்க்கடுப்பும் வயிற்றுவலியும் பெண்களுக்கு இயல்பு என்றே நினைத்து வளர்ந்தோம். தண்ணீரில் மிச்சம் பிடித்ததை உடம்பில் செலவழித்தோம். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இது ஏறியதில்லை.

புழுவும் லாபமும்

கக்கூசு என்ற சொல்லே டச்சுக்காரர்களிடமிருந்து தமிழுக்கு வந்தது என்பார்கள். தோட்டங்களுக்குக் கக்கூசு வந்த கதையிலும் வெளிநாட்டார்தான் முன்னால் நிற்கிறார்கள். கருணையைவிடக் கணக்குதான் அவர்களை அங்கே கொண்டுவந்தது.

ரப்பர் விலை உச்சத்துக்கு ஏறிய காலம் அது. தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள், வந்த வேகத்தில் செத்தும் போனார்கள். 1911இல் ஐக்கிய மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளர்களுக்கு 60 பேருக்கு மேல் இறந்தார்கள். மலேரியாதான் முதல் எமன். கிள்ளானில் 1901 முதல் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டிக் கொசுவைக் கட்டுப்படுத்தலாம் என்று காட்டினார். மலேரியாவுக்குப் பின்னால் வயிற்றுக்கடுப்பும் கொக்கிப்புழுவும் வரிசையில் நின்றன.

கொக்கிப்புழு உடனே கொல்லாது. மலத்தோடு வெளியேறும் முட்டை ஈர மண்ணில் பொரிந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு உடம்புக்குள் ஏறும். குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். ஆள் வெளுத்து, மூச்சு வாங்கி, வேலைக்கு ஆகாமல் போவான். நிழலும் ஈரமும் நிறைந்த பால்மரக் காடு, செருப்பில்லாத கால்கள், கக்கூசு இல்லாத லயம். இதைவிட வசதியான இடம் அந்தப் புழுவுக்குக் கிடைக்குமா?

1915இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை சாமுவேல் டார்லிங் என்ற மருத்துவரின் தலைமையில் ஓர் ஆய்வுக் குழுவைக் கிழக்கே அனுப்பியது. மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் 1917வரை அவர்கள் வேலை செய்தார்கள். அறிக்கை 1920இல் நூலாக வந்தது. மருந்து கொடுத்தால் புழு வெளியேறும். ஆனால் மலம் மண்ணில் விழும்வரை புழு மறுபடி ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே கக்கூசு வேண்டும். சோகைபிடித்த தொழிலாளி குறைவாகத்தான் பால் எடுப்பான் என்பதும், அவனுக்குப் பதிலாகக் கடல் கடந்து இன்னோர் ஆளைக் கொண்டுவரச் செலவாகும் என்பதும் எந்தத் துரைக்கும் புரியக்கூடிய மொழி. குடியிருப்பு, குடிநீர், சுகாதாரம், மருத்துவம் எல்லாம் முதலாளியின் பொறுப்பு என்று 1912லும் 1923லும் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எழுதிவைத்தன.

எழுதிவைத்தது வேறு, லயத்துக்கு வந்து சேர்ந்தது வேறு. எங்கள் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இங்கேதான் தொடங்கியது. தென்னமரம் தோட்டம். பெயரைக் கேட்டாலே தமிழ் வாசம் வரும். அதைத் தொடங்கியவர் ஆன்ரி போகோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர். சிலாங்கூர் ஆற்றோரம் ரந்தாவ் பாஞ்சாங்கில் வீடு கட்டி வாழ்ந்தவர். மலாயாத் தோட்ட வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. ஒரு புதுப் பயிரையும் பரிசு வாங்கிய ஒரு நாவலையும் உலகத்துக்குக் கொடுத்த மண் இது. அதே மண்ணின் லயங்களில் பல பத்தாண்டுகள் கழித்தும் நாற்பது வீட்டுக்கு எட்டுக் கக்கூசுதான் இருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகும் இது சட்டென்று மாறவில்லை. 1960களின் பிற்பகுதியில் அரசு கிராமப்புறச் சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கியது. கம்பங்களுக்குத் தண்ணீர் ஊற்றும் கக்கூசும் சுத்தமான நீரும் போய்ச் சேர்ந்தன. உலகச் சுகாதார வட்டாரங்களில் மெச்சிப் பேசப்பட்ட திட்டம் அது. தோட்டமோ தனியார் நிலம். அரசு எல்லையில் நின்றுகொண்டது, கம்பெனி லாபத்தில் நின்றுகொண்டது. தொழிலாளருக்கு வீடு கொடுக்கும் முதலாளி பைப்புத் தண்ணீரையும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் அழுத்திச் சொன்னபோது, எங்கள் லயத்தில் பாதிப் பேர் வெளியேறத் தொடங்கியிருந்தார்கள்.

வரிசையின் கடைசியில்

இதுவரை பாட்டியின் தோளையும் கம்பெனியின் கஞ்சத்தனத்தையும் பற்றிச் சொன்னேன். சொல்லச் சங்கடமான பகுதி இனிமேல்தான் இருக்கிறது.

அந்த எட்டுக் கக்கூசை யார் கழுவினார்கள்?

தோட்டி என்று ஒருவர் இருந்தார். கம்பெனிச் சம்பளத்தில் இருந்தவர். பாட்டி காலத்தில் வாளிக் கக்கூசு. ராத்திரி நிறைந்த வாளியை விடியுமுன் எடுத்துக்கொண்டுபோய்க் காட்டுக்குள் குழியில் கொட்ட வேண்டும். என் காலத்தில், 1980களில், தண்ணீர் ஊற்றும் கக்கூசாகிவிட்டது. ஆனாலும் அடைத்துக்கொண்டால் குத்திவிடவும், குழி நிறைந்தால் அள்ளவும் அவர்தான் வந்தார். அவர் வீடு கடைசி லயத்தின் கடைசி வீடு.

அவர் மனைவியைப் பைப்படியில் பார்த்திருக்கிறேன். எல்லாரும் பிடித்து முடித்த பிறகுதான் அவர் முறை. தண்ணீர் நிற்கும் நேரம் நெருங்கிவிட்டால் யாராவது ஒருவர் எட்ட நின்று அவர் டின்னில் ஊற்றிவிடுவார்கள். பைப்பை அவர் தொடக் கூடாது. துணி அலசிய தண்ணீரைக்கூட வீணாக்காத என் பாட்டிதான் பல நாள் அப்படி ஊற்றியவர். “பாவம், புள்ளைங்க இருக்கு” என்று சொல்லிக்கொண்டே ஊற்றுவார். இரக்கமும் இருந்தது, இடைவெளியும் இருந்தது. அவர்கள் மகன் என் வகுப்பில் படித்தான். அவன் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் ஏன் என்று கேட்டதில்லை.

கடைசி வீடு யாருக்கு என்று முடிவு செய்தது துரை மட்டும்தானா? கங்காணி முறையில் ஆட்களை ஊரிலிருந்து சொந்தமும் சாதியுமாகத்தான் திரட்டிக் கொண்டுவந்தார்கள். கப்பலில் எல்லாரும் ஒன்றாக வாந்தியெடுத்தோம் என்பார் தாத்தா. இறங்கியதும் லயத்தை மறுபடி ஊர்த் தெருவாகப் பிரித்துக்கொண்டோம். தண்ணீர் குறைவாக இருந்ததற்குக் கம்பெனியைக் குற்றம் சொல்லலாம். அந்தக் குறைந்த தண்ணீருக்கு யார் கடைசியில் நிற்க வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்தோம்.

1941இல் கிள்ளானில் தொடங்கி சிலாங்கூர் தோட்டங்களுக்குப் பரவிய வேலைநிறுத்தம் நம் வரலாற்றின் பெருமைக்குரிய அத்தியாயம். அந்தக் கோரிக்கைப் பட்டியலை எப்போது படித்தாலும் சிலிர்க்கும். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களிடம் முறைகேடாக நடப்பதற்கு முடிவு, கள்ளுக்கடை மூடல், துரைக்கு முன்னால் சைக்கிளில் ஏறிப் போகும் உரிமை. சைக்கிளில் போவதும் மானப் பிரச்சினைதான் என்று அன்றே தெரிந்திருந்தது. கக்கூசுக்கும் அதைக் கழுவுகிறவருக்கும் அந்தப் பட்டியலில் தனி வரி கிடைக்கவில்லை. போராடியவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எது வெளியே பேசக்கூடியது, எது பேசக்கூடாதது என்ற கோடு எவ்வளவு ஆழமாக விழுந்திருந்தது என்று சொல்கிறேன்.

2017இல் திவ்ய பாரதி இயக்கிய ‘கக்கூஸ்’ ஆவணப்படம் தமிழ்நாட்டில் மலம் அள்ளும் தொழிலாளரைப் பற்றியது. அதைப் பார்த்தபோது இந்தியாவை நினைத்து உச்சுக்கொட்டினேன். மனிதர் மலம் அள்ளுவதைத் தடுக்க அங்கே 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம், அப்படியும் நிற்கவில்லையே என்று. படம் முடிந்த பிறகுதான் எங்கள் லயத்துக் கடைசி வீடு ஞாபகம் வந்தது. அம்மாவை அழைத்துக் கேட்டேன். “அந்த அம்மா பேரு என்னம்மா?”

நீண்ட நேரம் யோசித்தார். “தோட்டி பொண்டாட்டின்னுதான சொல்லுவோம்… பேரு தெரியலையேம்மா.”

இருபது ஆண்டுக்கு மேல் ஒரே பைப்படி.

ஆறு பக்கத்திலேயே ஓடியது

எங்கள் தோட்டத்திலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் சிலாங்கூர் ஆறு. கோல குபு பாரு மலையில் பிறந்து, பத்தாங் பெர்ஜுந்தையைக் கடந்து, கம்போங் குவாந்தானில் மின்மினிகளுக்கு இடம் கொடுத்து, கோலசிலாங்கூரில் கடலில் சேர்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் போகும் குடிநீரில் பாதிக்கு மேல் இந்த ஆற்றிலிருந்துதான். சுத்திகரிப்பு ஆலைகள் எங்கள் பக்கத்தில்தான் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் ரந்தாவ் பாஞ்சாங். நாவலாசிரியர் வாழ்ந்த அதே பெயர். பெரிய பெரிய குழாய்கள் பெட்டாலிங் ஜெயாவுக்கும் ஷா ஆலாமுக்கும் போய்க்கொண்டிருந்த காலத்தில், எங்கள் பைப்பில் காலையில் ஒரு மணி நேரம், சாயந்திரம் ஒரு மணி நேரம்.

1997இல் தாமான் வீட்டுக்குக் குடிபோனோம். வீட்டுக்குள்ளேயே கக்கூசு. சுவரில் பிளாஸ்டிக் தொட்டி. பிடியை அழுத்தினால் 9 லிட்டர் தண்ணீர் கொட்டும். பாட்டி முதல் நாள் அதைத் தொடப் பயந்து, வாளியில் மொண்டு ஊற்றிவிட்டு வந்தார். அம்மா மட்டும் இரண்டு மூன்று தடவை சும்மாவே அழுத்திப் பார்த்தார். அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது. தண்ணீரைச் சேமியுங்கள் என்று யாராவது அறிவுரை சொன்னால் எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்கும். தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் சுமந்த ஒருத்திக்கு முதல்முறையாகத் தண்ணீர் தானாக வந்த சத்தம்.

தானாக வந்த தண்ணீரோடு ரசீதும் வந்தது. தோட்டத்தில் தண்ணீருக்குக் காசு கேட்டதில்லை. தாமானில் மீட்டர் ஓடியது. கழிவுநீருக்குத் தனிக் கட்டணம். 1990களின் நடுவிலிருந்து அதை இண்டா வாட்டர் நிறுவனம் வசூலிக்கிறது. சாதாரண வீட்டுக்கு மாதம் 8 வெள்ளியாக இருந்தது, 2023 ஜனவரியில் 10 வெள்ளியானது. மலிவு விலை வீட்டுக்கு அதைவிடக் குறைவு. கம்பெனி செய்யாமல் விட்டதை முன்பு பெண்களின் உடம்பும் தோட்டியின் கையும் ஈடுகட்டின. இப்போது அந்தச் செலவு காகிதத்தில் வந்து கதவிடுக்கில் நின்றது. காகிதத்தில் வந்தது நல்லது என்றுதான் நினைக்கிறேன். பார்த்துக் கேள்வி கேட்கலாம்.

நகரத்துக்காரர்களுக்கும் எப்போதாவது அந்தப் பழைய வரிசை வாய்த்தது. 1998இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்ப் பங்கீடு வந்தபோது பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலை விடுதியில் இருந்தேன். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் ரசாயனக் கழிவு கலந்து நான்கு சுத்திகரிப்பு ஆலைகளை மூடினார்கள். சுமார் 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றுபோனது. ஷா ஆலாம் அடுக்குமாடியில் முதல் நாளே எல்லாருக்கும் ஒரே கவலை. குடிக்கப் போத்தல் தண்ணீர் வாங்கலாம், கக்கூசுக்கு என்ன செய்வது? லாரி வந்து நின்றதும் வாளியோடு வரிசையில் நின்றோம். மின்தூக்கியில் ஒரு பெண் தளும்பும் வாளியைப் பார்த்துக்கொண்டே, “ஒரு தடவ அழுத்தினா இது முழுக்கப் போயிரும்ல” என்றார். பாட்டிக்குத் தெரிந்த கணக்கு பத்தாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

எதைச் சேமிப்பது

இவ்வளவும் சொன்ன பிறகு, தண்ணீரைச் சேமிக்கத்தான் வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பேன். நம் நாட்டில் ஆளுக்கு ஒரு நாளில் 200 லிட்டருக்கு மேல் செலவழிக்கிறோம். ஆற்றுக்கும் ஓர் அளவு உண்டு.

எங்கள் வீட்டில் செய்துபார்த்ததைச் சொல்கிறேன். ஐந்து பேர், ஆளுக்கு ஐந்து முறை, 9 லிட்டர் தொட்டி. நாளுக்கு 225 லிட்டர், மாதத்துக்கு 6.75 கன மீட்டர். இரண்டு பிடி உள்ள தொட்டி இருக்கிறது, பெரியதற்கு 6 லிட்டர், சின்னதற்கு 3. ஆஸ்திரேலியாவில் கரோமா நிறுவனத்தின் புரூஸ் தாம்சன் 1980இல் உருவாக்கிய யோசனையிலிருந்து வந்தது அது. ஐந்தில் நான்கு முறை சின்னதை அழுத்தினால் மாதத்துக்கு 2.7 கன மீட்டர்தான். மிச்சம் 4 கன மீட்டர் சொச்சம். 65 காசு விலையில் அது 2 வெள்ளி 63 காசு. புதுத் தொட்டி வாங்கிய காசை எடுக்கப் பல வருடம் ஆகும். தொட்டி எப்படியும் மாற்ற வேண்டிய நாள் வந்தால் அதை வாங்குங்கள். நல்ல தொட்டியைக் கழற்ற வேண்டாம்.

பழைய 9 லிட்டர் தொட்டிக்கு ஒன்றரை லிட்டர் போத்தல் போதும். தண்ணீர் நிரப்பி மூடி, தொட்டிக்குள் நிற்கவைத்தால் ஒவ்வொரு முறையும் ஒன்றரை லிட்டர் மிச்சம். மிதவை அதில் தட்டக் கூடாது. செங்கல் போடாதீர்கள், கரைந்து ரப்பரைக் கெடுக்கும். 6 லிட்டர் தொட்டியில் இதைச் செய்தால் இரண்டு முறை அழுத்த வேண்டிவரும், நட்டம்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மிச்சம் ஒழுக்கில்தான் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேசரிப் பவுடர். ராத்திரி படுக்கும்போது மீட்டரைப் பார்த்துக் குறித்துவைத்து, காலையில் யாரும் பைப்பைத் திறக்குமுன் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஓடுகிறது. கழுவும் ஹோஸ் பைப்பின் அடிக்குழாயை அடைத்துவிட்டு வெளியே வாருங்கள். சாதாரண வீடுகளுக்குக் கழிவுநீர்க் கட்டணம் மாதாமாதம் ஒரே தொகைதான், தண்ணீரைக் குறைத்தாலும் அது குறையாது. இலவசத் தண்ணீரும் 2020 முதல் வருமானம் குறைந்த குடும்பங்கள் விண்ணப்பித்துப் பெறுவதாக மாறிவிட்டது. தகுதியுள்ளவர்கள் வீட்டில் யாராவது விண்ணப்பித்தார்களா என்று கேளுங்கள். எங்கள் தாமானில் பாதிப் பேருக்கு அது மாறியதே தெரியவில்லை.

ஒன்றை மட்டும் சேமிக்காதீர்கள். பெண் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரையும், அவர்கள் கக்கூசுக்குப் போகும் நேரத்தையும்.

சென்ற ஆண்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு பழைய தோட்டத்துப் பக்கம் போனேன். பால்மரம் எல்லாம் போய் எங்கும் செம்பனை. பாதி லயம் இடிந்துகிடக்கிறது. மீதியில் வங்காளதேசத்துப் பையன்கள் இருக்கிறார்கள். சாயந்திரம் ஆறு மணி. பைப்படியில் ஏழெட்டுப் பேர் சாயவாளிகளோடு நின்றார்கள். 446ஆவது சட்டம் 2019இல் திருத்தப்பட்டு, அடுத்த ஆண்டு முதல் தோட்டத்தைத் தாண்டிப் பிற துறைத் தொழிலாளருக்கும் பொருந்துகிறது. தோட்டத்துக்கோ அது 1990லிருந்தே இருக்கிறது.

அம்மா காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு பையன் மற்றவர்களிடமிருந்து கொஞ்சம் தள்ளி நின்றான். சும்மா தள்ளி நின்று கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்திருக்கலாம்.

“அந்தக் கடைசி லயத்து அம்மா அந்தா அங்கதான் நிப்பாங்க” என்றார் அம்மா.

வீட்டுக்கு வரும்வரை வேறெதுவும் பேசவில்லை. வந்ததும் வழக்கம்போலக் கக்கூசு வாளியை நிரப்பிவைத்தார். புதுத் தொட்டி இருக்கும்போது எதற்கும்மா என்று இந்தத் தடவை நான் கேட்கவில்லை.